இறந்த நாள் எது? தோட்டப்புற மரணங்களும் தடயப் பூச்சியியலும்



மொழிக்கென அமைந்த ஒரு மன்றத்தில் ஈக்களையும் புழுக்களையும் பற்றிப் பேச வந்திருப்பதற்கு முதலில் ஒரு விளக்கம் சொல்ல வேண்டியது என் கடமை. பூச்சிகளைக் கொண்டு மரணத்தின் காலத்தை அறியும் துறையைத் தடயப் பூச்சியியல் என்கிறோம். நம் நாட்டில் அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பெரும்பகுதி ரப்பர் மரத்து நிழலிலும் செம்பனை மட்டையின் அடியிலும் நடந்தது. நாம் பிறந்த மண்ணில் நடந்த ஒன்றை நம் மொழியில் சொல்லி வைக்காவிட்டால் அது நமக்கு அந்நியமாகவே இருந்துவிடும். என்னை இத்துறையின்பால் இழுத்தது அறிவியல் ஆர்வம் அன்று. விடை கிடைக்காத ஒரு கேள்வியே இழுத்தது. ஆதலால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் வளர்ந்தது நெகிரி செம்பிலானில், லிங்கி ஆற்றின் பக்கமாக இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் லயத்தைச் சேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் காணாமற் போனார். விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டபோது ஆள் இல்லை. கிராணியார் செக்ரோலில் ஒரு கோடு இழுத்தார். அத்தோடு அன்றைய வேலை தொடங்கிவிட்டது. சில நாள் கழித்து, எல்லைக் கால்வாயை ஒட்டிய பழைய மரங்களுக்கிடையே அவருடைய உடல் கிடைத்தது. சிறுவர்களாகிய எங்களைப் பெரியவர்கள் விரட்டினார்கள். ஆயினும் தூரத்திலிருந்து ஒன்றைக் கண்டேன். காவலர்கள் வந்து சேர்வதற்கு முன்பே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றப்பட்டது; பிறகு பினாயில். புழுத்த நிலையில் ஒரு மனிதரை அயலார் பார்க்கலாகாது என்று நம்மவர் நினைத்தார்கள். அவர்கள் அறிந்த மரியாதை அது. அதை இன்றும் நான் குறை சொல்லேன்.

உடல் கிடைத்த நாளே இறந்த நாளாகப் பதிவேட்டில் ஏறிற்று. ஆனால் லயத்தில் இரண்டு கேள்விகள் தங்கிவிட்டன. சம்பள நாள் இரவில் அவரோடு சண்டையிட்டவர் ஒருவர் இருந்தார். மறுநாளே அவர் வேறு தோட்டத்திலிருந்த தம் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார். சம்பள இரவிலேயே மரணம் நிகழ்ந்ததென்றால் பழி அவர்மேல் விழும். இரண்டு நாள் கழித்து நிகழ்ந்ததென்றால் அவர் குற்றமற்றவர். எவரும் அவர்மேல் வழக்குத் தொடுக்கவில்லை. எவரும் அவரை விடுவிக்கவுமில்லை. இரண்டாவது கேள்வி அந்த மனைவியுடையது. திதி கொடுக்க வேண்டும் என்று கோயிற் பூசாரியிடம் போனபோது, “எந்த நாளம்மா?” என்று அவர் கேட்டார். அம்மையாரால் சொல்ல முடியவில்லை. நாள் அறியாதவர்க்கு அமாவாசை என்று நம் மரபு ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அவ்வாறே அவரும் ஆண்டுதோறும் அமாவாசையில் படைத்து வந்தார். இருந்தாலும், “நாள் தெரியாமல் போயிட்டாரே” என்று அவர் சொல்வது நிற்கவே இல்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், ஆசிரியப் பணியில் இருந்தபோதுதான், அன்று கால்வாயில் கழுவிவிடப்பட்டது எது என்பது எனக்கு விளங்கிற்று. நாளைச் சொல்லக்கூடிய சாட்சி அங்கேதான் இருந்தது.

இச்சாட்சியை மனிதர் கண்டுகொண்டது நேற்றன்று. சீனத்தில் சோங் ராஜ்ஜியக் காலத்தில் நீதியதிகாரியாக இருந்த சோங் சி என்பவர் 1247இல் பிணவிசாரணை பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு வழக்கு வருகிறது. ஊரில் ஒருவர் அரிவாளால் வெட்டிக் கொல்லப்பட்டுக் கிடந்தார். விசாரித்தவர் ஊரிலுள்ள அரிவாள்களையெல்லாம் கொண்டுவந்து வெயிலில் பரப்பச் செய்தார். துடைத்துச் சுத்தமாகத் தோன்றிய ஓர் அரிவாளில் மட்டும் ஈக்கள் வந்து மொய்த்தன. அதற்குரியவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் ஈயின் மோப்பத்துக்குத் தெரிந்தது. பால்வெட்டும் கத்தியைத் தினமும் தீட்டிப் பழகிய சமூகத்துக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் 1850இல் பெர்ஜரே என்னும் பிரெஞ்சு மருத்துவர் இதே வழியில் இன்னொரு பங்கைச் செய்தார். ஒரு வீட்டின் கணப்படுப்பைப் பழுதுபார்த்தபோது அதன் பின்னே ஒரு குழந்தையின் உலர்ந்த உடல் அகப்பட்டது. அப்போது குடியிருந்தவர்கள்மேல் சந்தேகம் விழுந்தது. உடலில் இருந்த பூச்சிகளின் வளர்ச்சியைக் கணக்கிட்ட அவர், மரணம் அவர்கள் குடிவருவதற்கு முந்தியது என்று காட்டினார். அவருடைய கணக்கில் பிழைகள் இருந்தன என்று பின்வந்தோர் சொல்வர். ஆயினும் பூச்சியின் சாட்சி குற்றவாளியைப் பிடிக்க மட்டுமன்றி, குற்றமற்றவரை விடுவிக்கவும் பயன்படும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் பழிசுமந்தவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இவ்வழக்கு நினைவுக்கு வரும். 1894இல் மெஞ்ஞேன் என்னும் இன்னொரு பிரெஞ்சுக்காரர், பிணத்தை நாடிவரும் பூச்சிகளை எட்டு அலைகளாக வகுத்து நூல் எழுதினார். துறைக்கு அடித்தளம் அந்நூல்தான் என்பர்.

ஆனால் மெஞ்ஞேனின் அட்டவணையை நெகிரி செம்பிலானுக்குக் கொண்டுவந்தால் அது உதவாது. அங்கே மாதங்களிலும் ஆண்டுகளிலும் நடப்பது இங்கே நாட்களிலும் வாரங்களிலும் நடந்துவிடுகிறது. குளிர்காலம் என்ற தடையே இல்லாத நாட்டில் ஈ ஆண்டு முழுவதும் முட்டையிடும். ஆகவே நமக்கு நம் நாட்டுக் கணக்கு வேண்டும். அக்கணக்கு எப்படிக் கிடைத்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

பூச்சியை இனம்பிரித்து அறியும் பழக்கம் மலாயாவுக்கு வந்தது பிணத்தின் பொருட்டன்று. உயிரோடிருந்த தோட்டத் தொழிலாளியின் பொருட்டு அது வந்தது. இன்னும் நேராகச் சொன்னால், அவருடைய உழைப்பின் பொருட்டு வந்தது. ரப்பருக்காகக் காடு அழிக்கப்பட்ட ஆண்டுகளில் மலேரியா தமிழர்களை வாரிக்கொண்டு போயிற்று. 1911இல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கோலாலம்பூரில் 1900இல் தோன்றிய மருத்துவ ஆய்வுக் கழகம் இந்நோய்களை ஆராய்வதையே முதன்மைப் பணியாகக் கொண்டது. 1901இல் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடியவைத்து அங்கே நோயைக் குறைத்தார். அதே வழியைக் குன்றடித் தோட்டங்களில் கையாண்டபோது பலன் தலைகீழாயிற்று. நிழலை வெட்டி ஓடைகளைத் திறந்துவிட்டதும் நோய் கூடியது. காரணம், குன்றுப்பகுதியில் நோயைப் பரப்பியது வேறொரு கொசு. அனாஃபிலிஸ் மாக்குலாட்டஸ் எனும் அது, வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் வளர்வது. கடலோரத்துக்குப் பொருந்திய மருந்து மலையடிவாரத்துக்கு நஞ்சாயிற்று.

எந்தக் கொசு என்று தெரியாமல் ‘கொசு’ என்று மட்டும் தெரிந்துவைத்திருப்பது ஆபத்து என்பதைத் தோட்டங்கள் இவ்வாறு உயிர்களைக் கொடுத்துக் கற்றன. ‘எந்த ஈ?’ என்று கேட்காமல் தடயப் பூச்சியியல் ஓரடிகூட நகராது. அக்கேள்வியைக் கேட்கும் பழக்கம் மலேரியா நாட்களிலேயே இங்கு வேரூன்றிவிட்டது.

ஈக்களின் பக்கம் திரும்பினால் நம் தாயகத்தின் பெயரும் வருகிறது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் பணியாற்றிய டபிள்யூ. எஸ். பேட்டன், கிராக் என்பவரோடு சேர்ந்து 1913இல் மருத்துவப் பூச்சியியல் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். இந்தியாவின் பச்சை ஈ, நீல ஈ இனங்களை நுணுகி ஆராய்ந்தவர் அவர். கிரைசோமையா வில்லெநியூவி என்ற ஈக்கு 1922இல் அவர் இட்ட பெயரே இன்றும் வழங்குகிறது. அந்த ஈ, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், மலேசிய மரண விசாரணை மாதிரிகளிலும் அகப்பட்டது. மலாயா ஈக்களைப் பற்றி 1953இல் எழுதியவர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பூச்சியியலாளர் ஜே. ஏ. ரீட். பிற்காலத்தில் இவர் மலாயா, போர்னியோ அனாஃபிலிஸ் கொசுக்களைப் பற்றியும் பெருநூல் செய்தார். கொசுவும் ஈயும் ஒரே மேசையில் ஆராயப்பட்டன என்பதை இங்கே குறித்துக்கொள்க.

மனித உடல்களிலிருந்து எடுக்கப்பட்ட புழுக்கள் அக்கழகத்துக்கு வந்து சேரலாயின. 1972 முதல் 2002 வரை வந்த மாதிரிகளை லீ ஹான் லிம், எம். கிருஷ்ணசாமி, ஏ. ஜி. அப்துல்லா, ஜான் ஜெஃப்ரி ஆகியோர் 2004இல் ஒருசேர ஆய்ந்து வெளியிட்டனர். முப்பது ஆண்டுகள்! பத்திரிகையில் ஒரு நாள் வந்து மறையும் செய்திகளுக்குப் பின்னால், சிறு புட்டிகளில் இப்படி ஒரு நாட்டின் நினைவு சேர்ந்துகொண்டிருந்தது.

வந்த புழுவை இனங்காண்பது ஒன்று. அது நம் வெயிலில் எவ்வளவு விரைவாக வளரும், எந்த வரிசையில் வரும் என்பது இன்னொன்று. அதைத் திறந்தவெளியில் பார்த்தாக வேண்டும். இங்கேதான் தோட்டம் ஆய்வுக்கூடமாகிறது. தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பஹாருடின் ஓமாரும் அவர்தம் குழுவினரும் ரப்பர்த் தோட்டத்தில் குரங்கின் சடலத்தை வைத்து, வந்துசேரும் ஈக்களின் வரிசையைப் பதிந்து 1994இல் வெளியிட்டனர். 2007இல் ஹியோ சோங் சின் குழுவினர் நெகிரி செம்பிலான் எல்லைக்கு வடக்கே, சிலாங்கூர் கடற்கரைப் பக்கத்துத் தஞ்சோங் செப்பாட்டில், செம்பனைத் தோட்டத்தில் பன்றியின் சடலத்தை வைத்து ஆராய்ந்தனர். முதல் ஆய்வு ரப்பரிலும் பிந்தையது செம்பனையிலும் நடந்திருக்கிறது. நெகிரி செம்பிலானின் தோட்டப்புறம் காப்பியிலிருந்து ரப்பருக்கும் ரப்பரிலிருந்து செம்பனைக்கும் மாறிய கதையை அறிந்தவர்களுக்கு, இவ்வாய்வுகளின் தலைப்புகளே ஒரு பொருளாதார வரலாறாகத் தோன்றும்.

மிகுதியாக வருவது கிரைசோமையா மெகசெஃபாலா. மலாய்க்காரர் லங்காவ் என்னும் வகையைச் சேர்ந்தது. பெரிய தலையும் செந்நிறக் கண்ணும் நீலப்பச்சை உடலும் கொண்டது. நம் வெப்பத்தில் இதன் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். புழு நான்கைந்து நாளில் வளர்ந்து முடிந்து, உடலைவிட்டு நகர்ந்து, மண்ணிலோ சருகிலோ புகுந்து கூட்டுப்புழுவாகும். இன்னும் நான்கைந்து நாளில் ஈ வெளிவரும். அதற்குத் துணையாகவும் பகையாகவும் வருவது கிரைசோமையா ரூஃபிஃபேசியஸ். இதன் புழுவின்மேல் சதைமுட்கள் இருக்கும். முன்வந்த புழுக்களையே இரையாக்கிக்கொள்ளும். இது முதல் சாட்சியைத் தின்றுவிடும் இரண்டாம் சாட்சி! ஆய்வாளர் இதை அறியாமல் எஞ்சியதை மட்டும் எண்ணினால் நாள் குறைந்து தெரியும்.

கணக்கு எப்படி நடக்கிறது? மரத்தில் கட்டிய மங்கை நினைத்துக்கொள்ளுங்கள். பால் சொட்டுச் சொட்டாகச் சேர்கிறது. சொட்டும் வேகமும் மங்கின் கொள்ளளவும் தெரிந்தால், நிறைந்த மங்கைப் பார்த்து மரம் எப்போது வெட்டப்பட்டது என்று சொல்லலாம். புழு சேர்ப்பது வெப்பத்தை. இன்ன இனம், இன்ன பருவத்தை எட்ட இவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட அளவு. உடல் கிடந்த இடத்தில் ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு வெப்பம் இருந்தது என்பதை வானிலைப் பதிவும் நேரில் எடுத்த அளவும் தரும். இரண்டையும் கொண்டு பின்னோக்கிப் போனால் முட்டையிட்ட வேளை கிடைக்கும். அது மரணத்தின் வேளை அன்று. மரணம் அதற்கு முன்னே நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதற்கான எல்லை மட்டுமே அது. பொதுவாக ஈ இரவில் முட்டையிடுவதில்லை. மூடிய அறையை எளிதில் கண்டுகொள்வதுமில்லை. ஆகவே ‘குறைந்தது இத்தனை நாள்’ என்றே ஆய்வாளர் எழுதுவார். வழக்கறிஞர்களுக்கு இந்தக் ‘குறைந்தது’ பிடிப்பதில்லை. ஆனால் அச்சொல்லில்தான் இத்துறையின் நேர்மை இருக்கிறது.

தோட்டப்புறத்தில் இக்கணக்கைக் குழப்பக்கூடியவை இரண்டு: மழையும் மருந்தும். ‘மருந்து குடித்துவிட்டார்’ என்றால் என்ன பொருள் என்பதை லயத்தில் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பூச்சிக்கொல்லியால் இறந்த உடலை ஈ எப்படி அணுகும் என்பது நமக்கு வெறும் ஏட்டுக்கேள்வி அன்று. கிளந்தானிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் மஹாட், சஃபரினா ஆகியோருடன் பி. டி. ஜெயப்பிரகாஷ் இதை முயல் சடலங்களை வைத்து ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார். சென்னைத் தடய அறிவியல் துறையில் பணியாற்றி இங்கு வந்தவர் அவர். மழையும் மாலத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியும் முட்டையிடுவதைத் தாமதப்படுத்துகின்றன என்பது அவர்கள் கண்டது. தாமதம் ஒரு நாளே ஆனாலும், சம்பள இரவா அதன் மறுநாளா என்ற கேள்விக்கு அந்த ஒரு நாள்தான் விடை. நஞ்சு புழுவின் உடலுக்குள்ளும் சேர்வதுண்டு. ஆதலால் சதை அழிந்த பின்னும் புழுவையோ அதன் கூட்டையோ சோதித்து நஞ்சை அறிய வழியுண்டு.

இனி, சாட்சியைச் சேகரித்துப் பாதுகாக்கும் முறைக்கு வருகிறேன். இவ்வளவு ஆராய்ச்சியும் முதலில் போய்ச் சேரும் ஒருவரின் கையில்தான் இருக்கிறது. தோட்டத்தில் அவர் பெரும்பாலும் இளம் காவலராக இருப்பார்.

அவர் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டும். உடல் வெயிலிலா நிழலிலா, எந்தப் பக்கம் புழு மிகுதி, காயம் இருந்த இடமா இயல்பான துவாரங்களா என்பதைப் படமெடுத்துக் குறித்துக்கொள்வர். பிறகு வெப்பமானி: காற்றில் ஒன்று, மண்ணில் ஒன்று, புழுத்திரளின் நடுவில் ஒன்று. நடுவில் வைப்பது ஏனென்றால், கூட்டமாக மேயும் புழுக்கள் தாமே வெப்பத்தை உண்டாக்கும். சுற்றுப்புறத்தைவிடப் பத்துப் பாகைக்கு மேலும் அது ஏறலாம். இந்த அளவை எடுக்க உடலை அகற்றுவதற்கு முன்பே வாய்ப்பு உண்டு. பிறகு எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது.

பறக்கும் ஈயை வலையாலும் முட்டையை ஈரத்தூரிகையாலும் எடுப்பர். புழுவை எடுக்கும்போது பலர் செய்யும் பிழை, கைக்கு வந்ததை அள்ளுவது. மிகப் பெரியதைத் தேட வேண்டும். முதலில் வந்தது அதுவே. வேறுவேறு இடங்களிலிருந்து வேறுவேறு புட்டிகளில் எடுக்க வேண்டும். இதனினும் பெரிய பிழை உடலோடு நின்றுவிடுவது. வளர்ந்து முடிந்த புழு உடலில் இராது. அது சில மீட்டர் தூரம் ஊர்ந்து, ரப்பர்ச் சருகின் அடியிலோ செம்பனை மட்டைக் குவியலிலோ புதைந்திருக்கும். அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய, பழுப்பு நிறக் கூடுகள். அவற்றைத் தேடாதவர், மூத்த சாட்சியை விட்டுவிட்டு இளைய சாட்சியை மட்டும் அழைத்துக்கொண்டு போகிறார்.

சேகரித்ததை இரு பாகமாக்குவர். ஒரு பாகம் உயிரோடு போகும். காற்று புகும் பெட்டியில் சிறிது ஈரலும் மரத்தூளும் இட்டு ஆய்வகத்தில் ஈயாகும்வரை வளர்ப்பர். ஏனெனில் இளம்புழுக்கள் பலவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஈயான பின் இனத்தை ஐயமின்றிச் சொல்லலாம். மற்றப் பாகத்தை அந்த நேரத்திலேயே நிறுத்திவைக்க வேண்டும். கடிகாரத்தை நிறுத்துவதுபோல. இங்கேதான் அறியாமல் செய்யும் கேடு மிகுதி. உயிருள்ள புழுவை அப்படியே சாராயத்தில் போட்டால் அது சுருங்கிக் கறுத்துப்போகும், நீளம் மாறும், நீளம் மாறினால் வயது மாறும். ஃபார்மலினில் போட்டால் உடல் இறுகும். மரபணுச் சோதனைக்கும் அது உதவாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆடம்ஸ், ஹால் ஆகியோர் 2003இல் பல முறைகளை ஒப்பிட்டு வெளியிட்ட முடிவு எளியது. 80 பாகைக்கு மேற்பட்ட, ஆனால் கொதிக்காத வெந்நீரில் அரை நிமிடம் இட்டு, பிறகு 80 விழுக்காட்டு எத்தில் சாராயத்தில் வைத்தால் புழு நீண்ட நிலையில் கெடாமல் இருக்கும். ஒரு குடுவை வெந்நீர்! தேநீர் கலக்கக் கொண்டுபோகும் குடுவையே போதும்.

அப்படி வைக்கப்பட்ட புழுவின் பின்முனையை நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு மூச்சுத்துளைத் தட்டுகள் தெரியும். ஒவ்வொன்றிலும் இரண்டு பிளவுகள் இருந்தால் இரண்டாம் பருவம். மூன்று இருந்தால் மூன்றாம் பருவம். சுருங்கிய புழுவில் இவற்றைக் காண்பது கடினம்.

சீட்டு எழுதுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. நாள், மணி, இடம், உடலில் எப்பகுதி, எடுத்தவர் யார் என்பவற்றை பென்சிலால் எழுதிப் புட்டிக்கு உள்ளேயே இட வேண்டும். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்; வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துவிடும். உடல் பிணவறையின் குளிரூட்டிக்குள் போன நேரத்தையும் குறிக்க வேண்டும். குளிரில் புழுவின் வளர்ச்சி மந்தமாகும். பிறகு, புட்டி யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்ற கையொப்பத் தொடர். ஓரிடத்தில் அது அறுந்தால் நீதிமன்றத்தில் அப்புட்டிக்கு மதிப்பில்லை.

இதனால் என்ன கிட்டிற்று என்பதற்கு ஓர் எண் சொல்கிறேன். 2005 முதல் 2010 வரை மலேசியாவில் 80 வழக்குகளில் 93 மாதிரிகள் எடுக்கப்பட்டன. அவற்றை ஆர். கவிதாவும் உடனாய்வாளர்களும் ஆய்ந்து வெளியிட்டிருக்கின்றனர். 38 மாதிரிகள் மெகசெஃபாலா, 36 ரூஃபிஃபேசியஸ். முன்னே சொன்ன பேட்டனின் ஈ இரண்டு மாதிரிகளில். இன்னும் இரண்டு மாதிரிகளில் புழு இன்ன இனம் என்று கூற இயலவில்லை. 93இல் இரண்டு என்பது சிறு பின்னம்தான். ஆயினும் என் கண் அந்த இரண்டிலேயே நின்றது. ஒவ்வொரு மாதிரிக்குப் பின்னும் ஓர் உடல். உடலுக்குப் பின், நாள் கேட்டுக் காத்திருக்கும் ஒரு வீடு.

இவ்விடத்தில் ஒரு கிளைக்கதை. பூச்சிமேல் வீண்பழி விழுந்ததும் இதே நெகிரி செம்பிலானில்தான். 1998ஆம் ஆண்டின் இறுதியில் ஈப்போவிலிருந்து பரவிய மூளைக்காய்ச்சல் சிக்காமாட்டுக்கும் புக்கிட் பெலாண்டோக்குக்கும் வந்தது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். புகையடித்தனர், தடுப்பூசி போட்டனர், சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதுவே நிப்பா. பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது; கொசுவுக்குப் பங்கில்லை. இந்நோயால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மலேசியாவில் இறந்தனர். முறையாக எடுத்துக் காத்துவைத்த சில துளி நீர்தான் கொசுவை விடுவித்து உண்மையான காரணத்தைக் காட்டிற்று.

கலைச்சொற்களைப் பற்றியும் இம்மன்றத்தில் ஒரு சொல் சொல்லாமல் போவது முறையன்று. ‘தடயம்’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டவர் நிலைநாட்டிவிட்டனர்; நல்ல சொல். ஆனால் ‘லார்வா’வுக்கு ‘இளவுயிரி’ என்று எழுதுவதைப் பாடநூல்களில் காண்கிறேன். புழு என்றால் போதாதா? ‘பியூப்பா’வுக்குக் கூட்டுப்புழு என்ற அழகான சொல்லை நம் பாட்டிமார் வைத்திருந்தனர். பிரட்டு என்றும் கிராணி என்றும் செக்ரோல் என்றும் அயற்சொற்களை வாங்கித் தம் நாவுக்கேற்பப் பண்படுத்தியவர்கள் தோட்டத்துத் தமிழர். மலாயில் இன்றும் எழுத்தர் ‘கெராணி’தான். அவர்கள் புழுவைப் புழு என்றே அழைத்தார்கள். மரண விசாரணை மன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நிற்கப்போகும் மாணவர் ஒருவர் இங்கிருந்தால், இறந்தவரின் தாய்க்கு விளங்கும் சொல்லையே அவர் தேர்ந்துகொள்ள வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை வகுப்பில் காட்ட உடலும் வேண்டியதில்லை, பெருஞ்செலவும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பின்புறம், வகுப்பறைகளுக்கு எட்டாத தூரத்தில், நாய் பூனை தொடாதபடி கம்பிவலைக் கூண்டுக்குள் மரத்தூள் பரப்பி அதன்மேல் மீன் துண்டு ஒன்று வையுங்கள். நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று வைத்தால் இன்னும் நன்று. மாணவர் காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறிக்கட்டும். கையுறை அணிந்து, நாளுக்கு இரண்டு புழுவை எடுத்து, ஆசிரியர் மேற்பார்வையில் வெந்நீரில் இட்டு, அளந்து, சாராயப் புட்டியில் சேர்க்கட்டும். சீட்டைப் பென்சிலால் எழுதட்டும். ஒரு குழுவுக்கு மட்டும் மீனை வைத்த நாளைச் சொல்லாதீர்கள். பத்து நாள் முடிவில் அக்குழு, புட்டிகளையும் வெப்பக் குறிப்பையும் மட்டும் பார்த்து, அந்த நாளைக் கண்டுபிடிக்கட்டும். நான் பணியில் இருந்தபோது இதை மூன்று முறை செய்து பார்த்தேன். இரண்டு முறை சரியான நாளைச் சொன்னார்கள். மூன்றாம் முறை ஒரு நாள் பிசகிற்று. முதல் நாள் பெய்த மழையை அவர்கள் குறிக்க மறந்திருந்தார்கள்.